அண்டை வீட்டு நாயும் அண்டை வீட்டார் உரிமையும்



கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே செகிஞ்சான், சபாக் பெர்ணம் ஆகிய ஊர்களில் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்களுக்குப் பலவிதமான அண்டை வீட்டார் உண்டு. ஒரு பக்கம் மலாய்க்காரர் கம்பம். மறுபக்கம் சீனர் கடைவரிசை. சற்று உள்ளே போனால் தோட்டத்து லயங்களில் நம் தமிழ் இந்துச் சகோதரர்கள். இவர்கள் எல்லோரும் நமக்கு வாடிக்கைக்காரர்கள். எல்லோரும் நமக்கு அண்டை வீட்டார். இந்த அண்டை வீடுகளில் பலவற்றில் நாய் உண்டு. கட்டி வைத்த நாயால் நமக்குத் தொல்லையில்லை. அவிழ்த்துவிட்ட நாய்தான் கடைவாசலில் படுக்கிறது. அரிசி மூட்டையை முகர்கிறது. சுப்ஹுத் தொழுகைக்குப் போகிறவரைத் துரத்துகிறது. குர்ஆன் ஓதப் போகும் பிள்ளைகளை அழவைக்கிறது.

இதன் காரணமாக மனம் கசந்து போனவர்கள் நம்மில் பலர். சிலர் வாய் திறவாமல் சகித்துக்கொண்டு, உள்ளத்தில் பகையை வளர்க்கிறார்கள். சிலர் ஆத்திரத்தில் கல்லெடுத்து வீசி, வீட்டுக்காரரோடு தெருவில் சண்டையிடுகிறார்கள். இன்னும் சிலருடைய எண்ணம் விஷம் வைப்பது வரையில் போய்விடுகிறது. இம்மூன்றும் நம் மார்க்கம் காட்டிய வழிகள் அல்ல. ஆகவே இந்தப் பாடத்தில் நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்வோம். நாய் விஷயத்தில் மார்க்கம் கூறுவது யாது? அண்டை வீட்டார் விஷயத்தில் கூறுவது யாது? ஒருவர் வளர்க்கும் பிராணி மற்றொருவருக்குத் தீங்கு செய்தால் தீர்ப்பு எப்படி அமைய வேண்டும்? இவற்றை யெல்லாம் வைத்துக்கொண்டு நாளைக் காலையில் நாம் செய்ய வேண்டியது என்ன?

நாய் நமக்குப் பகையன்று

நம்மில் பலர் சிறுவயது முதல் நாய் என்றவுடன் அருவருக்கக் கற்றிருக்கிறோம். ஆனால் அருவருப்பு வேறு. மார்க்கச் சட்டம் வேறு. திருக்குர்ஆனின் கஹ்பு அத்தியாயத்தில் குகைவாசிகளாகிய நல்லடியார்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களுடைய நாயும் அவர்களோடு சேர்த்தே நினைவு கூரப்படுகிறது. மாயிதா அத்தியாயத்தில், பழக்கிய வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்னும் அனுமதி இருக்கிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு புகட்டிய மனிதருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு அளித்ததாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். உயிருள்ள எந்தப் பிராணிக்குச் செய்யும் உபகாரத்திற்கும் நற்கூலி உண்டு என்பதே அங்கு பெருமானார் புகட்டிய பாடம்.

அதே சமயம், வேட்டைக்கும் ஆட்டு மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் அல்லாமல் வெறுமனே நாய் வளர்ப்பவருடைய நன்மையில் நாள்தோறும் ஒரு பங்கு குறையும் என்றும் ஹதீதில் வந்திருக்கிறது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்னும் கட்டளையும் நாம் அறிந்ததே. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குவது என்ன? நாயிடம் இரக்கம் காட்டுவதும், அதன் ஈரத்திலிருந்து நம் உடையையும் பாத்திரத்தையும் காத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. சுத்தம் பற்றிய சட்டம் நம்முடைய தொழுகைக்காக நமக்கு இடப்பட்டது. பிராணியைத் துன்புறுத்துவதற்கு அதில் ஆதாரம் இல்லை.

கடைக்காரர் அறிய வேண்டிய சட்டம்

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இரண்டு மத்ஹபுகளைச் சேர்ந்தவர்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஷாபியீ. உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் ஹனபி. ஒரே கடையில் முதலாளி ஒரு மத்ஹபும் கணக்குப்பிள்ளை மற்றொரு மத்ஹபுமாக இருப்பது சகஜம். ஷாபியீ மத்ஹபில் நாய் முழுவதும் கடுமையான நஜீஸ். ஹனபி மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸ். உலர்ந்த உடம்பும் ரோமமும் நஜீஸ் அல்ல என்பதே வலுவான சொல். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ உயிருள்ள நாயைச் சுத்தமானது என்றே கொண்டு, பாத்திரத்தைக் கழுவுவதை வணக்கமான கட்டளையாகக் கருதினார்கள். பேரறிஞர்கள் கருத்து வேறுபட்ட ஒரு விஷயத்தில் நாம் ஒருவரை யொருவர் இகழ்வது தகாது.

ஆயினும் வியாபாரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மலாய்ச் சகோதரர்கள் ஷாபியீ மத்ஹபினர். நம் கடையில் அவர்கள் நம்பி உண்கிறார்கள். ஆகவே ஹனபிக் கடைக்காரரும் சட்டி பானை விஷயத்தில் ஷாபியீ முறைப்படியே ஏழு முறை கழுவிவிடுவது வாடிக்கைக்காரர் நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதையாகும். முதலில் அசுத்தத்தின் தடயத்தை நீக்கிவிட்டு, ஏழில் ஒரு முறை சுத்தமான மண் கரைத்த நீரால் கழுவினால் போதும். இதில் மலைக்க வேண்டியது ஒன்றுமில்லை.

மேலும், வீண் சந்தேகம் பலரை வாட்டுகிறது. அதற்கும் இமாம்கள் விடை கூறியிருக்கிறார்கள். உலர்ந்த நாய் உலர்ந்த பொருளில் உரசினால் நஜீஸ் ஒட்டாது. ஈரம் இருந்தால்தான் சட்டம் வரும். உறுதியாகத் தெரிந்த சுத்தம் வெறும் சந்தேகத்தால் நீங்காது. நாய் மூட்டை அருகில் நின்றது என்பதனாலேயே மூட்டை கெட்டுவிடாது; நக்கியதைக் கண்டாலோ ஈரத்தைக் கண்டாலோ மட்டுமே அந்த இடத்தைக் கழுவ வேண்டும். வெல்லம், உறைந்த நெய் போன்ற கெட்டிப் பொருளில் வாய் வைத்தால் பட்ட இடத்தையும் அதைச் சூழ்ந்ததையும் எடுத்தெறிந்தால் எஞ்சியதைப் பயன்படுத்தலாம். மழைக்காலத்துத் தெருச்சேற்றில் நாய்கள் நடந்திருக்குமே என்று கலங்க வேண்டாம். தவிர்க்க முடியாத தெருச்சேற்றுக்கு ஷாபியீ நூல்களிலேயே மன்னிப்பு உண்டு. நபிகள் நாயகத்தின் காலத்தில் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்து போயின என்றும், அதற்காகத் தரையில் நீர் தெளிக்கவில்லை என்றும் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை இங்கு நினைவில் வைக்க வேண்டும். சந்தேகம் குறைந்தால் கோபமும் பாதி குறையும்.

அண்டை வீட்டார் என்பவர் யார்?

நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் தன்னை வணங்குமாறு கட்டளையிட்டு, தாய் தந்தையர், உறவினர், அனாதைகள், ஏழைகள் என்று வரிசைப்படுத்தும்போது, உறவான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் தனித்தனியே எடுத்துச் சொல்கிறான். ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி ஓயாமல் உபதேசித்ததால், அவருக்குச் சொத்தில் வாரிசுரிமையே கிடைத்துவிடுமோ என எண்ணியதாகப் பெருமானார் அருளினார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆகவே அண்டை வீட்டார் உரிமைக்கு மதம் குறுக்கே நிற்பதில்லை. நாய் வளர்க்கும் முனியாண்டியும் நமக்கு அண்டை வீட்டார். நாய் வளர்க்கும் சீனத் தவுக்கேயும் நமக்கு அண்டை வீட்டார்.

அவர்கள் நாய் வளர்ப்பதில் உள்ள நியாயத்தையும் நாம் அறிய வேண்டும். தோட்டப்புறத்தில் செம்பனை மரங்களுக்கிடையே காட்டுப்பன்றி வரும், பாம்பு வரும், இரவில் திருடனும் வருவான். ஆணும் பெண்ணும் விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போய்விடும் லயத்தில் நாயே காவல்காரன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் வீடமைப்புக்காகக் கைமாறியபோது, குடும்பங்கள் நாய் வளர்க்க வசதியில்லாத அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. அப்படிக் கைவிடப்பட்ட நாய்கள் தெருநாய்களாகிப் பெருகுவதும் உண்டு. அன்றியும், இந்துக்கள் பைரவருக்கு நாயை வாகனமாகக் கருதுகிறார்கள். சீனருடைய பன்னிரண்டு ஆண்டு வரிசையில் ஓர் ஆண்டு நாயின் பெயரால் வழங்குகிறது. நம் வாயிலிருந்து வரும் ஓர் இழிசொல் அவர்கள் செவியில் எப்படி விழும் என்பதை எண்ணிப் பேச வேண்டும். நமக்குப் பிராணியின் ஈரம்தான் பிரச்சினை. அதை வளர்ப்பவரின் மானம் அன்று.

மறுபுறம், அண்டை வீட்டாரின் கடமையையும் மறந்துவிடலாகாது. எவருடைய தீங்கிலிருந்து அவர் அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் உண்மை விசுவாசி அல்லர் என்று நபிகள் நாயகம் (ஸல்) மும்முறை ஆணையிட்டுக் கூறியிருக்கிறார்கள். இந்த அளவுகோல் நம்மையும் சேர்த்தே அளக்கும்.

வயலில் மேய்ந்த ஆடுகள்

நம் விஷயத்திற்கு மிக நெருங்கிய வழக்கு ஒன்று திருக்குர்ஆனிலேயே இருக்கிறது. அன்பியா அத்தியாயத்தில், ஒரு கூட்டத்தாருடைய ஆடுகள் இரவில் அவிழ்ந்து போய் மற்றொருவர் பயிரில் மேய்ந்த வழக்கு நபி தாவூது (அலை), நபி சுலைமான் (அலை) ஆகிய இருவர் முன்னும் வந்ததைக் குறிப்பிட்டு, இருவருக்கும் அறிவு அளிக்கப்பட்டது என்றும், அத்தீர்ப்பின் நுட்பம் சுலைமானுக்கு விளக்கப்பட்டது என்றும் அல்லாஹ் கூறுகிறான். விரிவுரையாளர்கள் தரும் விவரமாவது: பயிரின் நஷ்டத்திற்கு ஈடாக ஆடுகளையே வயற்காரருக்குக் கொடுத்துவிடத் தாவூது நபி தீர்ப்பளித்தார்கள். சுலைமான் நபியோ, ஆடுகளை வயற்காரர் சிறிது காலம் வைத்துக்கொண்டு பாலையும் கம்பளியையும் அனுபவிக்கட்டும். அக்காலத்தில் ஆட்டுக்காரர் வயலைத் திருத்திப் பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். பின்னர் அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பட்டும் என்றார்கள்.

இதில் மூன்று படிப்பினைகள் உள்ளன. முதலாவது, அவிழ்ந்த பிராணியால் வந்த நஷ்டம் நஷ்டமே. பாதிக்கப்பட்டவர் பேசாமல் போக வேண்டியதில்லை. இரண்டாவது, பொறுப்பு பிராணியைக் காக்கத் தவறிய மனிதருடையது. இரு தீர்ப்புகளிலும் ஓர் ஆடுகூடத் தண்டிக்கப்படவில்லை. மூன்றாவது, சிறந்த தீர்ப்பு நஷ்டத்தையும் ஈடு செய்யும், நஷ்டம் செய்தவரையும் அழித்துவிடாது; வழக்கு முடிந்தபின் இருவரும் பழையபடி அண்டை அயலாராக வாழ இடம் வைக்கும்.

நபிகள் நாயகத்தின் காலத்திலும் பராஉ (ரலி) அவர்களுடைய ஒட்டகம் ஒருவர் தோட்டத்தில் புகுந்து பாழாக்கியபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் பிராணியைக் காப்பது பிராணிக்காரர் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. பொறுப்பை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்த நீதி இது. நம் கடையும் அண்டை வீட்டு நாயும் சம்பந்தப்பட்ட விஷயத்திலும் இவ்விதமே பங்கிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் நம் கொல்லைப்புறம்

புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேல் குரங்குகள் மனிதர் கைக்கெட்டும் தூரத்திற்கு வந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏன் வருகின்றன? தீனி கிடைக்கிறது, அதனால் வருகின்றன. நம் கடைக்கு வரும் நாயும் அப்படியே. சாப்பாட்டுக்கடையின் பின்புறம் எலும்பும் கோழிக்கழிவும் மூடியில்லாத தொட்டியில் கிடந்தால், கட்டியிருக்கும் நாயும் கயிற்றை அறுத்துக்கொண்டு வரும். குழம்பு வழிந்த வாய்க்காலைக் கழுவாமல் இரவில் கதவடைத்தால், நான்கு தெரு நாய்கள் அங்கே கூடும்.

ஆகவே பகற்காவல் நம் பொறுப்பு. கழிவுத் தொட்டிக்குக் கனமான மூடி போட வேண்டும். எலும்பையும் மீன் செதிலையும் பையில் கட்டிக் குப்பை வண்டி வரும் நேரத்தில் மட்டுமே வெளியில் வைக்க வேண்டும். அரிசி, பருப்பு மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். பின்கதவுக்கு அரைக்கதவு ஒன்று போட்டால், காற்றும் வரும், நாய் வராது. மிச்சம் மீதியை இரக்கப்பட்டுக் கடைவாசலிலேயே போடும் பழக்கத்தை நிறுத்தி, கொடுக்க விரும்பினால் கடையை விட்டுத் தள்ளிய ஓரிடத்தில் போட்டு, எஞ்சியதை அகற்றிவிட வேண்டும். இவற்றைச் செய்யாமல் அண்டை வீட்டார் மேல் பிராது சொல்லப் போனால், அவர் நம் தொட்டியைச் சுட்டிக் காட்டுவார். நமக்கு விடை இராது.

பேசும் முறை

அடுத்தது, நேரில் போய்ப் பேசுவது. கோபம் தணிந்த பின்னர், அவர் வேலை முடிந்து இளைப்பாறும் நேரத்தில், தனியாகப் போக வேண்டும். கடைவாசலில் நாலு பேர் நடுவே கூவிச் சொன்னால், அவர் நாயை அன்று. தம் மானத்தைக் காக்க எழுந்துவிடுவார். கோயில் திருவிழா, சீனப் புத்தாண்டு போன்ற நாட்களை விட்டுவிட வேண்டும். பெருநாள் பலகாரம் கொடுத்துப் பழகிய வீடாயிருந்தால் பேச்சு எளிதாகும்; பழகாத வீடாயிருந்தால் இன்றே பழகத் தொடங்க வேண்டும்.

சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். “அண்ணே, உங்கள் நாய்மேல் எங்களுக்குப் பகையில்லை. அதன் எச்சில் எங்கள் துணியில் பட்டால் எங்கள் முறைப்படி ஏழு தரம் கழுவாமல் தொழ முடியாது. கடைப் பாத்திரத்தில் பட்டால் வியாபாரம் நின்றுவிடுகிறது. காலையில் கடை திறந்து இரவு அடைக்கும் வரையில் அதைக் கட்டி வைத்தால் பேருதவியாக இருக்கும்” என்று சொன்னால், மறுக்கும் மனிதர் மிகச் சிலரே. நம்முடைய ஏழு முறைச் சட்டம் அவர்களில் பலருக்குத் தெரியாது. நாம் நாயைக் கண்டு ஒதுங்குவதை, தங்களைக் கண்டு ஒதுங்குவதாக எண்ணியிருப்பவர்களும் உண்டு. காரணத்தைச் சொன்னவுடன் அந்த மனத்தாங்கல் நீங்கும்.

கட்டி வைக்கச் சங்கிலி இல்லை என்றால் ஒரு சங்கிலி வாங்கிக் கொடுப்போம். வேலி சரிந்திருந்தால் கம்பி வலைச் செலவில் பாதியை ஏற்போம். குட்டிகள் பெருகித் தொல்லையானால், கால்நடை வைத்தியரிடம் கருத்தடை செய்யும் செலவில் பங்கு கொள்வோம். இது நம் கடமையா என்று சிலர் கேட்கலாம். சட்டப்படி கடமையன்று, ஆனால் வயலைத் திருத்தும் வரையில் ஆட்டை வைத்துக்கொள் என்ற சுலைமான் நபியின் தீர்ப்பில் இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன அன்றோ? ஒரு நாள் வியாபாரம் கெடுவதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு சங்கிலியின் விலை எம்மாத்திரம்!

பேசியும் கேளாவிட்டால்

ஒருவர் தம் அண்டை வீட்டாரின் தொல்லையைப் பற்றி நபிகள் நாயகத்திடம் முறையிட்ட செய்தி அபூதாவூதில் இருக்கிறது. முதலில் பொறுமையாயிரு என்றே சொல்லி அனுப்பினார்கள். மீண்டும் மீண்டும் அவர் வந்து முறையிட்டபோது, உன் சாமான்களை எடுத்துத் தெருவில் வை என்றார்கள். வழிப்போக்கர்கள் காரணம் கேட்டுத் தொல்லை செய்தவரைக் கண்டிக்கவே, அவர் ஓடிவந்து, இனி உமக்குத் தீங்கு வராது, வீட்டிற்குத் திரும்பும் என்று வேண்டிக்கொண்டார். முதலில் பொறுமை, பிறகு ஊரறியச் செய்தல், எந்தப் படியிலும் அடிதடி இல்லை. இதுவே நமக்கு முறை.

இன்றைய நடைமுறையில், தோட்டமானால் கிராணியிடமும் நிர்வாகியிடமும் சொல்ல வேண்டும். கம்பத்தில் ஊர்த் தலைவர் இருக்கிறார். வீடமைப்புப் பகுதிகளில் 1975 முதல் நடந்துவரும் ருக்குன் தெத்தாங்கா அமைப்பு பல இடங்களில் உண்டு. கோயில் தலைவர் போன்ற மதிப்புள்ள ஒருவரை நடுவராக அழைப்பது இன்னும் நல்லது; நம் சொல்லைவிட அவர் சொல் அங்கே எடுபடும்.

இவற்றாலும் பலனில்லையானால் ஊராட்சி மன்றம் இருக்கிறது. கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. சபாக் பெர்ணம் பகுதிக்கு அதன் மாவட்ட மன்றம் உண்டு. மன்றங்களின் துணைச் சட்டப்படி நாய் வளர்ப்பவர் லைசென்ஸ் எடுத்து அடையாள வில்லையை நாயின் கழுத்தில் கட்ட வேண்டும். பொது இடத்தில் கட்டின்றித் திரியவிடலாகாது. பிராது கொடுப்பவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், நடந்தது, நஷ்டம் ஆகியவற்றை எழுதிவர வேண்டும். கணக்கெழுதும் வியாபாரிக்கு இது புதிய வேலையன்று. எத்தனை நாள், எந்நேரம் என்று எழுதிக் காட்டினால், அதிகாரி பேச்சைக் கேட்பார். வெறும் ஆத்திரத்தைக் காட்டினால் கேட்கமாட்டார். பிராது கொடுக்குமுன் அண்டை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை. அறிவிக்காமல் அதிகாரியை வாசலில் நிறுத்துவது பகையைத் தலைமுறைக்கு நீட்டும்.

விஷம் வைக்கலாகாது

சிலர், மதீனாவில் நாய்களைக் கொல்லும்படி ஒரு காலத்தில் உத்தரவாயிற்றே என்று ஹதீதைக் காட்டுவார்கள். அந்த உத்தரவு பின்னர் விலக்கப்பட்டது என்பதும், வேட்டை நாய்க்கும் மந்தை நாய்க்கும் அனுமதி அளிக்கப்பட்டது என்பதும் அதே முஸ்லிம் நூலில் தொடர்ந்து வருகின்றன. கடித்துக் குதறும் நாய் ஒன்றையே மார்க்கம் தனியாகப் பிரித்துக் கூறுகிறது. தீங்கு செய்யாத நாயைக் கொல்லலாகாது என்று ஷாபியீ இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரக வேதனைக்கு ஆளானாள் என்ற எச்சரிக்கையை எண்ணிப் பார்த்தால், விஷம் தின்று துடித்துச் சாகும் பிராணிக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? மேலும், வைத்த விஷத்தை நாய்தான் தின்னும் என்பதற்கு என்ன உறுதி? கோழி தின்னலாம், விளையாடும் குழந்தை எடுக்கலாம்.

நாட்டுச் சட்டமும் இதில் கடுமையானது. 2015ஆம் ஆண்டின் விலங்குகள் நலச் சட்டம் 2017 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. பிராணியைக் கொடுமை செய்தவருக்கு 20,000 வெள்ளி முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு. ஒரு சிறு கடையின் முதல் முழுவதும் இதில் கரைந்துவிடும்.

நம் சிலாங்கூரிலேயே நடந்த ஒன்றைக் கேளுங்கள். 2009ஆம் ஆண்டில் கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள பூலாவ் கெத்தாமில் தெருநாய்த் தொல்லை பொறுக்க முடியாமல், 300க்கும் மேற்பட்ட நாய்கள் பிடிக்கப்பட்டு, ஆளில்லாத சதுப்புத் தீவுகளில் கொண்டுபோய் விடப்பட்டன. உணவும் நன்னீரும் அற்ற அவ்விடத்தில் அவை பட்டினியால் மடிந்தன. ஒன்றை யொன்று தின்றதாகவும் செய்திகள் வெளிவந்தன. நாடெங்கும் கண்டனம் எழுந்து, விலங்கு நலச் சங்கத்தார் படகில் போய் எஞ்சியவற்றை மீட்க முயன்றார்கள். அத்தீவு மக்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் பட்ட தொல்லை மெய்யான தொல்லையே. தொல்லை மெய்யாயிருந்தும், எடுத்த வழி கொடியதானால் பழி முழுவதும் நம் தலையில் விழும் என்பதற்கே இதைச் சொன்னோம்.

கடித்துவிட்டால்

எல்லா ஏற்பாட்டையும் மீறி நாய் கடித்துவிட்டால், சண்டைக்குப் போகுமுன் காயத்தைக் கவனிக்க வேண்டும். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பலாகாது. ஏழு முறைச் சட்டத்தை எண்ணிக் காயத்தில் மண் பூசுவதும் ஆகாது. உயிரும் உடலும் முதலில், சுத்தம் பற்றிய கேள்வியை ஆறியபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். உடனே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ, சபாக் பெர்ணம் மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கோ போக வேண்டும். வெறிநாய் நோய் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிது; தோன்றுமுன் ஊசி போட்டால் காக்கலாம். கடித்த நாயைக் கொன்றுவிடாமல், 10 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும்; அதற்கு அண்டை வீட்டாரின் ஒத்துழைப்பு வேண்டும். பகைத்துக்கொண்டவரிடம் அந்த ஒத்துழைப்பு எப்படிக் கிடைக்கும்?

இந்நோய் நமக்குப் பழங்கதை அன்று. 1952இல் கோலாலம்பூரில் கடுமையாகப் பரவியபோது, நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டும், கேட்பாரற்ற நாய்களை அகற்றியும் அடக்கினார்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் மீண்டும் தலைகாட்டியது; 2017 முதல் சரவாக்கில் உயிர்களைப் பலி கொண்டது. ஆகவே நாய்க்குத் தடுப்பூசி போடச் சொல்வது நம் சௌகரியத்திற்காக மட்டும் அன்று. நாயோடு ஒரே முற்றத்தில் விளையாடும் அண்டை வீட்டுப் பிள்ளைகளின் நன்மைக்காகவும் ஆகும். இதை இப்படி எடுத்துச் சொன்னால் எந்தத் தகப்பனும் தாயும் செவி கொடுப்பார்கள்.

மீண்டும் எண்ணிப் பார்க்க

இப்பாடத்தை வீட்டிலும் கடையிலும் படித்தவர்கள் பின்வரும் கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். நம் கழிவுத் தொட்டிக்கு மூடி உண்டா? நாயைப் பற்றி நாம் கொண்டுள்ள கலக்கத்தில் சட்டம் எவ்வளவு, வீண் சந்தேகம் எவ்வளவு? அண்டை வீட்டாரின் பெயர் நமக்குத் தெரியுமா, அல்லது நாய்க்காரர் என்றே அழைக்கிறோமா? அவரிடம் கடைசியாக நாம் பேசியது நலம் விசாரிக்கவா, குறை கூறவா? நாளை நம் பிள்ளை கடைவாசலில் விழுந்தால், தூக்கிக்கொண்டு ஓடி வருபவர் யார்?

தோட்டத்து மக்கள் சம்பளம் வருமுன் பற்று எழுதி வாங்கி, சம்பளம் வந்தவுடன் வாசலுக்கு வந்து தீர்த்துவிட்டுப் போன நம்பிக்கையில் வளர்ந்தவை நம் கடைகள். அந்த நம்பிக்கையை ஒரு நாயின் பொருட்டு இழந்துவிடுவது நல்ல வியாபாரமும் அன்று. நல்ல மார்க்கமும் அன்று. நம் உரிமையைக் கேட்போம். கேட்கும்போது அவர் உரிமையையும் காப்போம். அண்டை அயலாருக்கு நம்மாலும், நமக்கு அவர்களாலும் தீங்கு நேராவண்ணம் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.